சாக்கு

அம்பத்தூர் எஸ்டேட்டில் ராத்திரி பதினொன்றே காலுக்கு
மரப்பெட்டியின் கடைசி ஆணியைப் பிடுங்கினான் தாவூத்.
ஹெட்லைட் கிடையாது. ஹாரன் கிடையாது.
நம்பர் எழுத இடம் உண்டு, அது பந்தய நம்பருக்கு.
சைடு ஸ்டாண்டுகூட இல்லை.
சாய்ந்து நிற்க யாரும் இதற்குச் சொல்லித்தரவில்லை.

மாற்றங்கள் என்று கையேட்டில் பதினாறு பக்கம்.
நான் தொட்டுப் பார்த்தது இரண்டை.

காற்று வரும் வழியை நிமிர்த்தியிருக்கிறார்கள்.
கல்யாணப் பந்தியில் இடம் தேடுகிறவன் மாதிரி
இடித்து நெளிந்து வந்த காற்று
இப்போது நேரே வால்வின் வாசலில் நிற்கிறது.

சட்டத்தின் பக்கச் சுவரில்
கால் மில்லிமீட்டர் எடுத்துவிட்டார்கள்.
"எடுத்ததுக்கா இவ்ளோ காசு?"
ஆமாம்டா, எடுத்ததுக்குத்தான்.
விறைத்து நிற்பதுதான் பலம் என்று
பத்து வருஷம் அலுமினியத்தைத் தடித்தவர்கள்
இந்தத் தடவை கொஞ்சம் வளைய விட்டிருக்கிறார்கள்.
மேட்டிலிருந்து விழும்போது சட்டம் முறுக்கிக்கொள்ளும்,
பிறகு விடும்.
முழங்கைக்குப் போகிற அடியில்
ஒரு பங்கைத் தானே வைத்துக்கொள்ளும்.

எஸ்தர் மறுநாள் சாயங்காலம் வந்தாள்,
பெரம்பூரில் நாள் முழுக்க
ஊரார் பல்லை எக்ஸ்ரே எடுத்துவிட்டு.
ஐம்பத்தொரு கிலோ, பூட்ஸ் தனி.
உட்காரச் சொல்லி டெய்லர் டேப்பால் அளந்தேன்.
நூற்றைந்து இறங்கவேண்டிய பின்பக்கம்
எண்பத்தெட்டிலேயே நின்றுவிட்டது.
"நான் உக்காந்ததே அதுக்குத் தெரியலயா?"

எழுபத்தைந்து கிலோ ஆளை மனசில் வைத்துச் செய்த ஸ்பிரிங்.
புதுப்பேட்டையில் இல்லை, ஜி.பி. ரோட்டில் சிரித்தார்கள்.
எட்டு நாள் கழித்துக் கோயம்புத்தூரிலிருந்து
ஆம்னி பஸ்ஸில் வந்தது,
யாருடைய முறுக்கு டின்னுக்கோ பக்கத்தில் படுத்து.

எஞ்சினின் மூளைக்கு உலர்ந்த குளிர்தான் பழக்கம்.
இங்கே கத்திரி, காற்றில் பாதி கடல்.
பெட்ரோலைக் கொஞ்சம் குறைத்து எழுதினேன்.
மூச்சுக்குத் தகுந்த சோறு.

ஞாயிற்றுக்கிழமை
முப்பதடி பறக்கும் வண்டியைச்
சாக்கு போர்த்திக் கயிறு கட்டிக்
குட்டி யானையில் ஏற்றிக்கொண்டு போனோம்.
புழல் சிக்னலில் மடக்கினார்கள்.
"ஏன், ஓடாதா?"
"ஓடும் சார். ரோட்டுலதான் ஓடக்கூடாது."
சாக்கைத் தூக்கி வெகுநேரம் பார்த்தார்.
"மைலேஜ் என்ன தரும்?"

செங்குன்றம் தாண்டி
சூளைக்கு மண் எடுத்துக் கைவிட்ட பள்ளம்.
அதில் நாங்களே குவித்த மேடுகள்.
மூன்றாவது மேடு கொஞ்சம் திமிர் பிடித்தது.
பழைய வண்டியில் அதன் அடிவாரம் வந்ததும்
எஸ்தர் ஆக்சிலரேட்டரைத் தளர்த்துவாள்.
கேட்டால், "முன்னாடி நடுங்குது அண்ணே."
நாலு வருஷம்
ஃபோர்க் ஆயில் மாற்றினேன், பேரிங் மாற்றினேன்,
ஒருமுறை ஹேண்டில்பாரையே மாற்றினேன்.

இன்றைக்கு முதல் சுற்று.
செம்மண்ணைக் கிழித்துக்கொண்டு போன சத்தம்
மூன்றாவது மேட்டுக்கு முன்னால்
அதே இடத்தில்
ஒரு கண்ணிமைப்பு இறங்கி ஏறியது.

வந்து நிறுத்தினாள்.
ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.
நான் ஸ்பேனரோடு முன்சக்கரத்தருகே குனிந்தேன்,
பழக்க தோஷம்.
"அதைத் தொடாதீங்க. அது நடுங்கல."
தாவூத் தண்ணீர் பாட்டிலை நீட்டினான், வாங்கவில்லை.
"நான்தான்."

என்ன சொல்வது? பதினாறு பக்கத்தில்
இதற்கு வரி இல்லை.
நானும் நாலு வருஷமாக
மாற்ற ஏதாவது கிடைத்துக்கொண்டிருந்ததால்
கேட்காமலே இருந்துவிட்டேன்.

கீழே கிடந்த சாக்கில்
பூட்ஸ் மண்ணை அழுத்தித் தேய்த்தாள்,
ஒரு கால், மறுபடி அதே கால்.
பொத்தானை அழுத்தினாள்.

முதல் மேடு. இரண்டாவது.
"வெயிட்டிங் சார்ஜ் தனி சார்" என்று ஆரம்பித்தார்
குட்டி யானைக்காரர்.
"சும்மா இருங்க" என்றான் தாவூத்,
காதை அந்தப் பக்கம் திருப்பி.